ஆழம் குறிக்கப்படவில்லை

நாற்பத்திரண்டு வால்வு உடல்கள்.
அத்தனையிலும் துளை இருந்தது,
அளவு பிசகவில்லை, வழவழப்பும் சரி.
பக்கம்தான் மாறியிருந்தது.

தம்பரே நகரம், நவம்பர்,
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் ஊர்.
துலிக்கி ஒவ்வொன்றாகத் தூக்கி
பழைய இரும்புத் தொட்டியில் போட்டாள்.
நாற்பத்திரண்டு முறை அதே சத்தம்.
மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை.
அங்கே கோபம் அப்படித்தான் இருக்கும்.

வரைபடம் அமெரிக்காவிலிருந்து வந்தது.
தாளின் வலது கீழ்மூலையில்
பெயரும் தேதியும் இருக்கிற கட்டத்துக்குள்
தலை வெட்டிய ஒரு கூம்பு,
பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு வட்டம்.
பதினோரு வருஷமாக அதைக்
கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தாள்.

முத்திரை அல்ல.
எங்கே நின்று பார்க்கிறோம் என்ற வாக்குமூலம்.
வலப்பக்கமிருந்து பார்த்ததை
இங்கே இடப்பக்கம் வரைவார்கள்,
வலப்பக்கம் விளக்கு வைத்தால்
நிழல் இடச்சுவரில் விழுவதுபோல.
அங்கே வலப்பக்கமே வரைவார்கள்,
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்ததுபோல.
இரண்டும் சரி.
எது என்று கேட்காமல் துளையிட்டால்
நாற்பத்திரண்டு சத்தம்.

செவ்வாய், வியாழன், மாலை வகுப்பு.
நாற்பத்தாறு வயதில் எழுத்துக்கூட்டினாள்:
தடித்த கோடு, கண்ணுக்குத் தெரியும் விளிம்பு.
விட்டுவிட்டு வரும் கோடு, உள்ளே ஒளிந்திருப்பது;
தோன்றா எழுவாய்போல
முகம் காட்டாது, வேலை அதனுடையதுதான்.
நீட்டலும் புள்ளியுமாய் ஓடுவது மையக்கோடு:
எந்த இரும்பிலும் அப்படி ஒன்று கிடையாது,
எல்லா அளவும் அதிலிருந்துதான்.

பக்கத்து மேசையில் ஹிர்ஸி,
பஸ் பணிமனையில் கடைசல் வேலை,
மொகதிஷுவில் பிறந்தவன்.
ஃபின்னிஷ் மொழியின் பதினைந்து வேற்றுமைகளில்
ஏழெட்டைக் கோட்டைவிடுவான்,
வரைபடத்தை மட்டும் கடகடவென்று வாசிப்பான்.
"இந்த மொழியில் ஒரே இலக்கணம்தான்," என்றான்.
"செய்கிறவன் உனக்கு ஃபோன் பண்ணிக் கேட்கக் கூடாது."

வீட்டில் உடைந்த ஏதாவது ஒன்றை
வரைந்துகொண்டு வரச் சொன்னார்கள்.
போன மார்ச்சில் நேசியார்வி ஏரியின் மேல்
பனிக்கட்டியைத் துளைக்கும்போது
துரப்பணத்தின் இணைப்புக் குழல் விரிசல் விட்டது.
அதை எடுத்தாள்.

மூன்று இரவுகள்.
ஓரிடத்தில் அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது.
ஒரே அளவை இரண்டு இடத்தில் எழுதி
ஒன்றை அடித்தாள்; நாளை ஒன்று திருந்தினால்
மற்றது பொய் சொல்லும் என்பதால்.
குழலை நடுவில் வெட்டி உள்ளே காட்டினாள்
(தாளில் வெட்டினால் பிசிறு வராது),
வெட்டுவாயில் நாற்பத்தைந்து பாகையில்
சாய்கோடுகள் போட்டுக்கொண்டே போனாள்,
தேவைக்கு அதிகமாகவே.
அழகாக இருந்தது, அதனால்.

ஹிர்ஸியிடம் கொடுத்தாள், கடைந்து தர.
புதன் கடந்தது. ஃபோன் வரவில்லை.
வியாழன் மாலை அவள் மேசைமேல்
குழல் இல்லை, தாள் இருந்தது.
எல்லா எண்ணுக்கும் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக்,
ஆணி நிற்கும் துளையைச் சுற்றி மட்டும்
ஒரு வட்டம், ஒரு கேள்வி:
எவ்வளவு ஆழம்?

அவள் மனதில் அந்தத் துளைக்கு
அடி இருந்தது, அடியில் பழைய கிரீஸ்கூட இருந்தது.
எழுதத் தோன்றவில்லை.
அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததை
யார் எழுதுவார்கள்?

வீட்டுப் பின்னால் கொட்டகை. மைனஸ் பதினாலு.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஆழமானியின் ஊசியை இறக்கினாள்.
அடி தட்டியது.
மூச்சு படிந்து எண்கள் மறைந்தன.
கையுறையைக் கழற்றிக்
கட்டைவிரலால் துடைத்தாள்.

இருபத்து மூன்றரை.